புதுச்சேரி காலாப்பட்டு மாதிரி கடலோர கேம்பஸ்ல செக்யூரிட்டி வேலை பாக்குறவங்களுக்கு

உப்புக்காத்து முதல்ல கடிக்கிறது தீயணைப்பு சிலிண்டரைத்தான். பிரஷர் மீட்டர் முள் பச்சையில இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு நகர்ந்துடாதீங்க. தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்க, துரு அங்கதான் ஆரம்பிக்கும். பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தா அன்னிக்கே எழுதிக் கொடுத்து மாத்த வைங்க. ஹோஸ் வாயில குளவி கூடு கட்டியிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. லேப்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் தெரியும். உள்ள இருக்கிற வாயுவுல 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா ரீஃபில் பண்ணணும்.

ராத்திரி ரவுண்ட்ஸ் தினம் ஒரே நேரம், ஒரே வழின்னு போகவே கூடாது. விளக்கு எரியலைன்னா கம்பத்தோட எண்ணை எழுதுங்க. "ஹாஸ்டல் பக்கம் ஒரு லைட்"னு எழுதினா எலக்ட்ரீஷியன் எங்கே போய்த் தேடுவார்?

மழைக்காலத்துல பாம்பு வரும். கடிச்சா கீறாதீங்க, கயிறு கட்டி இறுக்காதீங்க. அந்தக் கையையோ காலையோ அசையாம வச்சு 108-க்குப் போன் பண்ணுங்க. இதுல பெரும்பாலும் தப்பு நடக்கிறது கேட்லதான்: ஆம்புலன்ஸ் பூட்டின கேட்டுக்கு வந்து நிக்கும். எந்த கேட்னு போன்லயே சொல்லிடுங்க, ஒரு ஆளை பைக்கோட அங்க நிறுத்துங்க.