முகப்பு எத்தனை வரி? தரவுக் கோப்புக் குறிப்புகள்

காரைக்குடி, 2025 ஜூலை 8, செவ்வாய்

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்வேதியியல் அளவீட்டுக் கருவி) தரும் கோப்பைப் பைத்தான் நிரலில் ஏற்றும்போது ‘மேலே 57 வரியை விடு’ என்று எண்ணை எழுதிவைத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நம் காலை வாரிவிடும். எண்களுக்கு மேலே சோதனையின் அமைப்புகளைச் சொல்லும் வரிகள்தான் முகப்பு. ஈசி-லேப் என்ற கருவி மென்பொருள் தரும் எம்பிடி கோப்பில் சோதனை முறை மாறினாலே இந்த வரிகள் கூடும், குறையும்.

நல்லவேளை, கணக்கைக் கோப்பே சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரியில் ‘என்பி ஹெடர் லைன்ஸ் : 61’ (முகப்பு வரிகளின் எண்ணிக்கை) என்பதுபோல் இருக்கும். இந்த 61-க்குள் நெடுவரிசைப் பெயர்கள் உள்ள வரியும் அடக்கம். எண்கள் 62-ஆம் வரியில் தொடங்கும். ஆகவே பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில், எத்தனை வரியை விடுவது என்று சொல்லும் ஸ்கிப்ரோஸ் 60. தவறிப்போய் 61 கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. முதல் அளவீடே பெயராக உட்கார்ந்துகொள்ளும், வரைபடத்தில் ஒரு புள்ளி போனது கண்ணுக்கும் தெரியாது.

கோப்பை லத்தீன்-1 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் திறக்க வேண்டும். யூடிஎஃப்-8 என்றால் மைக்ரோ குறி வரும் இடத்தில், 181 என்ற பைட்டில், நின்றுவிடும்.

ஜூலை 9, புதன்

ஸ்கிப்ரோஸுக்குப் பதில், பெயர் வரி எது என்று சொல்லும் ஹெடர் என்ற அளவுருவில் எண்ணைக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஸ்கிப்ரோஸ் கோப்பில் உள்ளபடி வரிகளை எண்ணும். ஹெடர் வெற்று வரிகளைக் கணக்கில் சேர்க்காது. முகப்பில் மூன்று வெற்று வரி இருந்தால் மூன்று வரி தள்ளிப்போய் நிற்கும்.

ஜூலை 11, வெள்ளி

சிஎச்ஐ என்ற இன்னொரு நிறுவனக் கருவிகளின் டெக்ஸ்ட் கோப்பில் எண்ணிக்கை வரி கிடையாது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்ட்டமெட்ரியில், ஒவ்வொரு செக்மென்ட்டிலும் (ஒரு ஏற்றம் அல்லது இறக்கம்) கண்ட மின்னோட்ட உச்சங்கள் முகப்பிலேயே பட்டியலாகும். உச்சம் கூடினால் முகப்பும் நீளும். பிறகு ‘பொட்டென்ஷியல்/வி, கரண்ட்/ஏ’ என்ற பெயர் வரி, ஒரு வெற்று வரி, அப்புறம்தான் எண்கள்.

நம் ஊர் வீட்டில் முகப்பு எத்தனை அடி என்று அளந்துகொண்டா வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) போகிறோம்? நிலைக்கதவைத் தாண்டினால் வளவு. இங்கே பெயர் வரிதான் நிலைக்கதவு. அதைத் தேட வேண்டும், எண்ணக் கூடாது.

சோதனை முறை மாறினால் பெயர் வரியும் மாறும். அப்போது எண்களைத் தேடலாம். ‘இலக்கத்தில் தொடங்கும் முதல் வரி’ என்ற விதி மட்டும் வேண்டாம். குறிப்பில் யாராவது ‘1 எம் கேஓஎச்’ (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) என்று கரைசலை எழுதியிருப்பார்கள், அங்கேயே மாட்டும். வரியைப் பிரித்த துண்டுகள் எல்லாமே எண்ணாக மாற வேண்டும், வரிக்கு வரி துண்டுகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்து மூன்று வரிகளில்.

ஆர் என்ற நிரல்மொழியில் டேட்டா.டேபிள் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அதில் கோப்பைப் படிக்கும் எஃப்ரீடில், ஸ்கிப் என்ற அளவுருவுக்கு எண்ணுக்குப் பதில் பெயர் வரியின் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்த வரியிலிருந்தே படிக்கும். எக்செலில் தரவை ஏற்றும் பவர் குவெரியில் மேல் வரிகளை நீக்கும் பொத்தான் நிலையான எண்ணைத்தான் கேட்கும், அதன் டேபிள்.ஸ்கிப் கட்டளையில் நிபந்தனை எழுதலாம்.

ஜூலை 14, திங்கள்

முகப்பில் தனியாக ஒரு இரட்டை மேற்கோள் குறி இருந்தால் (அங்குலத்தைக் குறிக்க அதைப் போடுவது வழக்கம்) ஸ்கிப்ரோஸும் ஏமாறும். பாண்டாஸில் கோப்பைப் பிரித்துப் படிக்கும் சி இன்ஜின், விடச்சொன்ன வரிகளிலும் மேற்கோளைப் பார்க்கிறது. ஜோடி கிடைக்கும்வரை பல வரிகளை ஒரே வரியாக விழுங்கிவிடும்.

ஆகவே நாமே கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் ரீட்லைனால் பெயர் வரிவரை படித்து, பெயர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதே திறந்த கோப்பைப் பாண்டாஸின் ரீட்_சிஎஸ்விக்குக் கொடுப்பதே என் வழி. நின்ற இடத்திலிருந்து அது தொடரும். பெயர் வரி ஏற்கெனவே போய்விட்டதால் நேம்ஸ் என்ற அளவுருவில் பெயர்களைத் தர வேண்டும். ஐரோப்பிய அமைப்புள்ள கணினியிலிருந்து வந்த கோப்பு என்றால் தசமக் குறியைச் சொல்லும் டெசிமல் என்பதில் காற்புள்ளி.

ரீட்லைன் சுழற்சியில் ஒரு பொறி இருக்கிறது. வெற்று வரிக்குப் புதுவரிக் குறி மட்டும் வரும். கோப்பு முடிந்துபோனால் ஒன்றுமே வராது. இந்த இரண்டாவதைச் சோதிக்காவிட்டால், பெயர் வரி இல்லாத கோப்பில் நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் கோப்பின் பெயரோடு பிழையை எழுப்பி நிறுத்த வேண்டும். பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பிச் சமாளிக்கக் கூடாது.