கதவுக்கு அடியில் வெளிச்சம்: ஆகஸ்ட் 2025

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூணு மணி பத்து நிமிஷம். தம்பி அறைக் கதவுக்கு அடியில் இன்னும் வெளிச்சம், போனில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டரைப் பார்க்க செப்டம்பர் 1-தான் கிடைத்தது. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அப்பா தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார், அதன் ஸ்க்ரூ நாலும் டிவி மேலேயே கிடக்கின்றன.

நேற்று ராத்திரி 14416-க்கு, அதான் டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். அந்தப் பெண் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று முதலில் கேட்கவில்லை. தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, பள்ளிக்கூடம் போகிறானா என்றுதான் கேட்டார். மூணாவது கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

மக்களவையில் ஆன்லைன் விளையாட்டு மசோதா நிறைவேறிவிட்டது. கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கும்போதே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறார், "தடை பண்ணிட்டாங்களாமே, இனிமே தம்பி ஆட முடியாதுல்ல?" காசு கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்குத்தாம்மா தடை, இவன் ஆடுவது அது இல்லை, இ-ஸ்போர்ட்ஸை, அதான் போட்டியாக நடத்தும் வீடியோ கேமை, வளர்க்கணும் என்றுகூட அதே மசோதாவில் இருக்கு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் ஒரு விதி இருக்கிறதே, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம்கூட அது செல்லும் என்று சொன்னதே, அதுவும் காசு ஆட்டத்துக்குத்தான். "அப்ப நம்ம புள்ளைக்குன்னு ஒரு சட்டமும் இல்லையா?" என்றார் அம்மா. என்ன சொல்ல.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாநிலங்களவையிலும் நிறைவேறியது. தம்பி இன்றும் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பன்னிரண்டு மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022-லிருந்து இது, 'கேமிங் டிஸார்டர்' என்கிற வீடியோ கேம் நோய், நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஆடுவது, இந்த மூன்றும் வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது தெரிந்தால்தான் நோய் என்கிறார்களாம், ரொம்ப முற்றியிருந்தால் அதற்கு முன்பேயும் சொல்லலாமாம். விரல் விட்டு எண்ணினேன். போன தீபாவளிக்குக் கூப்பிட்டவுடனே வெளியே வந்தான், சித்தப்பா பிள்ளைகளோடு வெடி போட்டான். அப்படியென்றால் பத்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் 2020 ஞாபகம் வந்துவிட்டது. ஆன்லைன் வகுப்புக்கு என் பழைய போனைக் கொடுத்ததே நான்தான். அந்த செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்த அன்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதான். ஏழாம் வகுப்புப் பையன். நான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

நத்தம் ரோட்டில் ஒரு கூட்டம், பிள்ளைகளும் செல்போன் விளையாட்டும் பற்றி. அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முக்கால்வாசி நேரம் ரம்மிதான். கடனாகிச் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார்கள், அது பேச வேண்டியதுதான், மறுக்கவில்லை, ஆனால் காசே போகாத ஒரு வீட்டில் ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள்ளேயே போய்விடுவதை அதோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் என்னைப்போல வந்தவர்கள் எதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது? ஒரு பெரியவர் கிட்டிப்புள், பம்பரம் என்று ஆரம்பித்தார். கைதட்டினார்கள். போனைப் பிடுங்கணும் என்றார் இன்னொருவர். அதற்கும் கைதட்டினார்கள். நாங்கள் ஜூலையிலேயே பிடுங்கிப் பார்த்துவிட்டோம், இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவன்.

பின் வரிசையில் அம்மாவோடு வந்திருந்த ஒரு பையன், பத்தாவது இருக்கும், எழுந்து நின்றான். "சாப்பிடக் கூப்பிட்டா ஏன் வரலைன்னு திட்டுறீங்க. நாலு பேர் ஒரு ஸ்குவாட். நடுவுல நிறுத்தி வைக்க முடியாது. நான் எழுந்து போனா அந்த மூணு பேரும் மாட்டிப்பாங்க" என்றான். யாரும் கைதட்டவில்லை. அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பையன் முகம்தான். மேடையில் இருந்த ஒருவராவது அந்த மூணு பேர் யாரு தம்பி என்று கேட்டிருக்கலாம். நானும் கேட்டதில்லை. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேட்டேன். ஒருத்தன் கோவில்பட்டி, ஒருத்தன் ஓசூர், மூணாவது ஆள் எந்த ஊர் என்று இவனுக்கே தெரியாது. ஆனால் அவனுக்கு அப்பா இல்லை என்று தெரிந்திருக்கிறது. "நான் நாக் ஆனா எப்படியும் வந்து ரிவைவ் பண்ணுவான்க்கா" என்றான். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தால் வந்து எழுப்பிவிடுவானாம். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் போகுமாம். இவ்வளவும் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆட்டம் முடிகிறவரை நின்று அப்புறம் கூப்பிட்டேன். வந்தான். மூணு தோசை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாலு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைத் தட்டோடு உள்ளே வாங்கிக்கொண்டான். வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அப்பா வைஃபையைப் பிடுங்கிவிட்டார், ஆட்டம் பாதியில். சுவரில் குத்தியதில் தம்பிக்கு இரண்டு விரல் வீங்கியிருக்கிறது. ஐஸ் வைக்கப் போனால் "நீதானே அவர்ட்ட சொன்ன" என்கிறான். நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம் அப்பா. அவரும் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வைஃபை திரும்பி வந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளை காலை ஒன்பதரைக்கு. நீலச் சட்டையைத் தேய்த்துக் கதவில் மாட்டிவிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "டாக்டர் போனை வாங்கி வச்சுக்குவாரா?" என்று மட்டும் கேட்டான். தெரியலைடா என்றேன். பத்து மாதம் என்று சொல்வதா, 2020-லிருந்து என்று சொல்வதா, அதுவும் தெரியவில்லை.

மணி 1.20. வெளிச்சம் இல்லை. தூங்கிவிட்டானா, போர்வைக்குள் வைத்து ஆடுகிறானா என்று போய்க் கதவில் காது வைத்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.