எட்டு சென்டிமீட்டர்

எங்கள் நீச்சல் குளத்து ஆபீஸ் அறையில் ஒரு கறுப்புப் பலகை தொங்குகிறது. வயதுப் பிரிவு, நீச்சல் வகை, பெயர், நேரம், வருடம் என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதில் எழுதுவதும் அழிப்பதும் என் வேலை. சம்பளச் சீட்டில் கோச் என்றுதான் இருக்கிறது. ஆனால் குளோரின் போடுவதில் தொடங்கி, ஏப்ரல் மே கேம்ப்புக்கு வந்து குவியும் பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி சேர்த்துக் கொடுப்பது வரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும்.

அந்தப் பலகையை நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 200, 400 மீட்டர் சாதனைகள் அத்தனையும் டிசம்பர், ஜனவரியில் செய்தவை. போட்டிக் குளத்தில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சேலத்து மே மாதத்தில் எங்கள் குளத்துத் தண்ணீரில் அரிசி களையலாம், இன்னும் கொஞ்சம் விட்டால் சோறே வைக்கலாம். மூன்றாவது நூறு மீட்டரிலேயே பிள்ளைகள் துவண்டு விடுவார்கள். மார்கழிக் காலையில் அதே பிள்ளை, அதே கை, நேரம் மட்டும் குறைந்திருக்கும். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு ஒருமுறை போட்டி நடத்தித் தரக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் குளம் நிலக்கடலை வடிவத்தில் இருந்தது. சரி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பையிலிருந்து எடுக்காமலேயே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்தேன்.

பலகையில் ரொம்ப நாள் அசையாமல் இருந்தது, 14 வயதுக்குட்பட்ட பையன்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல்: 29.4, வருடம் 2003. அந்தப் பையன் இப்போது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். தலையில் நரை வந்துவிட்டது. 2019 டிசம்பரில் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் அதை உடைத்தான். தாத்தாவின் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன். ஆரம்பத்தில் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவான். கிணற்றில் பழகியவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான், அதை மாற்ற எனக்கு எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு மூன்று பேர் மூன்று வாட்ச் பிடித்தோம். மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுப்பது முறை. நடுவில் இருந்தது 29.35. அவன் அப்பா எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். நான் பழைய வரியை அழித்துப் புதியதை எழுதினேன்.

அடுத்த மாதம் டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது என்று கொத்தனார் வந்தார். மதிப்புப் போட எங்கள் 25 மீட்டர் குளத்தில் இரும்பு டேப்பை நீளவாக்கில் இழுத்தவர், "இருவத்தி நாலு தொண்ணூத்தி ரெண்டுங்க" என்றார். இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னேன். அதேதான். 2016இல் பழைய டைல்ஸை உடைக்காமல், அதன் மேலேயே கலவை போட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். சுவருக்கு நான்கு சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. குளத்துக்கே தெரியாமல் குளம் குறுகியிருக்கிறது.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 50 மீட்டருக்கு இரண்டு நீளம், ஆக 16 சென்டிமீட்டர். அவன் வேகத்துக்கு அது ஒரு நொடியில் நூற்றில் ஒன்பது பங்கு. அவன் சாதனையை உடைத்ததோ நூற்றில் ஐந்து பங்கில். போட்டிக் குளம் கொஞ்சம் கூட இருக்கலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. கை பட்டதும் கடிகாரத்தை நிறுத்த சுவரில் மாட்டும் டச் பேடின் கனத்துக்காக 50 மீட்டர் குளத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டியே கட்டுவார்கள். இதையெல்லாம் நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட டேப் பிடித்துப் பார்க்கவில்லை. வேறு யார்மேல் பழி போடுவது?

பையனிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப இங்க நான் நீந்துன டைமெல்லாம் பொய்யா சார்?" என்றான்.

"பொய் இல்லப்பா, தூரம் கொஞ்சம் கம்மி" என்றேன். எனக்கே அது சமாளிப்பாகத்தான் பட்டது.

அவனுக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் கதையைச் சொன்னேன். நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் தங்கம் போனது. அந்த வேகத்தில் அது மூன்று மில்லிமீட்டர் தூரம். எந்தக் கொத்தனாரால் எட்டு லேனையும் மூன்று மில்லிமீட்டர் பிசகாமல் கட்ட முடியும்? அதன் பிறகுதான் ஆயிரத்தை விட்டுவிட்டு நூற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது இருவர் நூறு வரை ஒன்றாக வந்தால் இரண்டு பேருக்கும் தங்கம். பையனுக்கு இந்தக் கதையில் பெரிதாக ஆறுதல் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

கொலுசுப் பட்டறைக்காரர் காதுக்கும் விஷயம் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பலகையைப் பார்த்துக்கொண்டே, "சார், என் டைமுக்கு எத்தன பேர் வாட்ச் புடிச்சீங்க?" என்றார்.

ஒரே வாட்ச். நான்தான் பிடித்தேன். சாவி கொடுக்கிற ஸ்டாப்வாட்ச், நொடியைப் பத்தாகத்தான் பிரிக்கும். விசில் கேட்டு விரல் அமுங்குவதற்குள் கொஞ்சம் போய்விடும். முடிவிலோ ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முந்திக்கொள்ளும். அதனால் கை வாட்ச் எப்போதும் நீந்துகிறவன் பக்கமே சாயும். அதிலும் நம் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இது சின்ன ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு (இவர் வேறு லார்சன்) மூன்று வாட்ச்சும் 55.0, 55.1, 55.1 காட்டின. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்றும் 55.2. ஆனாலும் கண்ணால் பார்த்த நடுவர்கள் டெவிட்டுக்குத் தங்கம் கொடுத்து, லார்சன் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். மனிதர் கையிலிருந்து டச் பேடுக்கு மாறியதற்கு அந்தத் தகராறு ஒரு முக்கியக் காரணம்.

பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "எங்க தராசுக்கு வருசா வருசம் முத்திர வெக்கிறாங்க சார். உங்க குளத்துக்கு யாரு வெக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதெல்லாம் பெற்றோர் போனும் கையுமாக வருகிறார்கள். 2025இல் சிங்கப்பூர் உலகப் போட்டியில் சீனாவின் யூ சிடி 12 வயதில் மூன்று தனிப் போட்டிகளில் நான்காவதாக வந்து, ரிலேயின் தகுதிச் சுற்றில் நீந்தியதற்கு வெண்கலமும் வாங்கினாள். மறுநாளே ஒரு அம்மா, "எம்பொண்ணுக்கும் பன்னெண்டுதான் சார்" என்று வந்து நின்றார். நம் ஊரிலும் வயதுக் கதைகள் இருக்கின்றன. ஆரத்தி சாகா 11 வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தினார். நம் குற்றாலீஸ்வரன் 1994இல், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தபோது அவருக்கு 12, 13 வயதுதான். அதற்கு முன் ஒரே ஆண்டில் ஐந்து கடந்திருந்த மிஹிர் சென்னின் கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் கடலில் அலையும் குளிரும் ஒவ்வொரு நாளும் வேறு, அங்கே ஸ்டாப்வாட்ச்சுக்கு வேலை கம்மி. இந்த மூன்று பேரையும் ஒரு வரிசையில் நிறுத்த வயதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பழைய ஆட்கள் எல்லோரும் தோற்றுப்போவார்கள். 1972இல் ஆஸ்திரேலியாவின் ஷேன் கூல்ட் 15 வயதில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 4:19.04இல் முடித்தார், அன்றைக்கு உலக சாதனை. 2025இல் கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் 3:54.18. கூல்ட் கிட்டத்தட்ட நாற்பது மீட்டர் பின்னால் வந்துகொண்டிருப்பார். ஆனால் ஒலிம்பிக்கில் நீச்சல் கண்ணாடி போட விட்டதே 1976இல்தான். கண் எரிய எரிய நீந்திய காலம் அது. பின்காலை உந்தித் தள்ள இறக்கை வைத்த ஸ்டார்ட்டிங் பிளாக்கும் கிடையாது. நடுவில் 2008, 2009இல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பாலியூரிதேன் உடைகள் வந்து, 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 பிறந்ததும் அந்த உடைகளைத் தடை செய்தார்கள், சாதனைகள் அப்படியே நின்றன.

அதனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன், ஒருவர் மற்றவர்களை எவ்வளவு பின்னால் விட்டார் என்று. ஜேனட் எவன்ஸ் 1989இல், 17 வயதில், 800 மீட்டரை 8:16.22இல் நீந்தினார். அது 19 வருடம் நின்றது. 2016 ரியோவில் கேட்டி லெடெக்கி 8:04.79இல் தங்கம் வாங்கியபோது, அடுத்து வந்தவர்கள் 8:16.17, 8:16.37. அதாவது எவன்ஸின் பழைய நேரத்துக்கு இருபத்தேழு வருடம் கழித்து வெண்கலம் கிடைத்திருக்கும். லெடெக்கிக்கும் இதே கணக்குத்தான். அதே நாள், அதே தண்ணீர், அதே கடிகாரம், இரண்டாவது ஆள் பதினொரு நொடி பின்னால். எனக்கு 8:04ஐவிட அந்தப் பதினொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. பட்டறைக்காரரும் 2003இல் அடுத்தவனை இரண்டு நொடி பின்னால் விட்டிருந்தார். அதற்கு முத்திரை தேவையில்லை.

சுவரை உடைத்துச் சரி செய்வதாக இருந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்து குளத்தைப் பூட்டினார்கள். திறந்து, டைல்ஸ் மாற்றி, நானே டேப் பிடித்து 25.01 என்று பார்த்தபோது ஓமலூர்ப் பையனுக்குப் பதினைந்து முடியப்போகிறது. அந்தப் பிரிவில் அவனால் இனி நீந்த முடியாது.

பலகையில் இப்போது இரண்டு வரியும் இருக்கின்றன. பையனின் 29.35க்குப் பக்கத்தில் "24.92 மீ" என்று எழுதியிருக்கிறேன். பட்டறைக்காரரின் 29.4க்குப் பக்கத்தில், அவரே வந்து சொன்னபடி, "ஒரே வாட்ச்". புதுப் பிள்ளைகள் என்ன சார் இது என்று கேட்கிறார்கள். நேரம் இருந்தால் சொல்கிறேன். இல்லாவிட்டால், போய் வார்ம்-அப் பண்ணுங்கடா என்று விரட்டி விடுகிறேன்.