ஒரே ஓடுபாதை, இரண்டு குடித்தனம்

கோவா போயிருந்தோம். டபோலிமில் விமானம் தரையிறங்கியதும் “இது பாதுகாப்புத் துறை விமான நிலையம், படம் எடுக்கக் கூடாது” என்று அறிவிப்பு. எடுத்த போனை அப்படியே பைக்குள் போட்டேன்.

பயணிகள் நிலையம் நம்முடையது, ஓடுபாதை கடற்படையுடையது. போர்த்துகீசியர் கட்டியது; 1961-இல் கோவா விடுதலையான பிறகு கடற்படை கைக்கு வந்தது. இங்குள்ள கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ஹன்சா என்று பெயர். மிக்-29கே போர் விமானங்களுக்கு இதுதான் வீடு. விமானந்தாங்கிக் கப்பலில் இருப்பது போலவே ஒரு சரிவு மேடையும் இங்கே தரையில் கட்டி வைத்திருக்கிறார்கள், ஏறிப் பறந்து பழக.

வார நாட்களில் காலையில் சில மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுவார்களாம். அதனால்தான் பயணிகள் விமானங்கள் மற்ற நேரங்களில் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. 2023-இல் மோப்பாவில் இன்னொரு விமான நிலையம் வந்ததும் கூட்டம் கொஞ்சம் பிரிந்தது.

ஒரு மிக் கிளம்புவதையாவது பார்க்கலாம் என்று என் பையன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை!