1907 விட்னி வரைபடம் கைக்கு வந்த கதை

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் போகும் ஜான் மியூர் நடைபாதைத் தடத்தை நடந்து முடித்த நாளிலிருந்து, அந்தத் தடமே இல்லாத காலத்துச் சியரா நெவாடாவை வரைபடத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. தடம் போடும் வேலை 1915இல் தொடங்கி 1938இல்தான் முடிந்தது. எனவே எனக்கு வேண்டியது அமெரிக்க நில அளவைத் துறை 1907இல் வெளியிட்ட மவுண்ட் விட்னி தாள் (விட்னி சிகரப் பகுதியின் வரைபடம்), அதுவும் அசல் அளவில்.

பழைய காகிதத்தையே கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் கார் ஓட்டி ஒரு வரைபட நூலகத்துக்குப் போனேன். ஊழியர் 1956ஆம் வருடத் தாளை எடுத்துக் காட்டி, "இதற்கு முந்தையது கிடையாது" என்றார். அது 1:62,500 அளவு, அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 62,500 சென்டிமீட்டர். நான் கேட்பது 1:1,25,000. 1956 தாள் போன்ற நான்கின் பரப்பு நான் கேட்கும் ஒரே தாளில் அடங்கும், அது தனி இழுப்பறையில் இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. போவதாக இருந்தால் அளவையும் வருடத்தையும் சொல்லி முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அதே நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் கிடைக்கும் டோப்போவியூ (topoView) இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொண்டேன். ஒரே பதிப்பைப் பின்னாளில் மறுபடி அச்சடித்திருப்பார்கள். பதிப்பு ஆண்டோடு அச்சான ஆண்டையும் பாருங்கள்.

அடுத்த அடி பிரிண்ட் கடையில். அசல் தாள் ஏறக்குறைய 20 அங்குலத்துக்கு 16.5 அங்குலம். கடைக்காரர் 17க்கு 11 காகிதத்தில் சுருக்கி அடித்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் அளந்தால் தாளில் ஐந்து மைல் தூரம் 4.3 சென்டிமீட்டர்தான்! 6.4 இருக்க வேண்டும். நூறு அடி உயரத்துக்கு ஒன்றாகப் போகும் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) செங்குத்துச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டு வெறும் பழுப்புக் கறையாகத் தெரிந்தன. காசு போனது போனதுதான். மறுமுறை ஸ்கேலோடு போய், "சுருக்காமல் நூறு சதவீதம்" என்று எழுதிக் கொடுத்து, கடையிலேயே அளந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

விட்னி சிகரம் தாளின் நடுவில் இருக்காது. கீழ்க் கோட்டிலிருந்து ஏழு சென்டிமீட்டர் மேலே தேடுங்கள். அதற்குத் தெற்கே பார்க்க ஒலாஞ்சா தாளையும் சேர்த்து இறக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். இந்த வாரம் மறுபடி அதே கடைக்கு, ஸ்கேலோடு.