எலியைக் கொன்றதும் மாட்டில் தங்கியதும்

"ரெண்டுல எது மோசம் மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

பால் மாதிரி அனுப்பிய கால்நடை மருத்துவர் போனில் கேட்டது இவ்வளவுதான். இரண்டு மாதிரியிலும் இருந்தது ஒரே கிருமி, மடிநோயை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஒன்று, மடியின் ஒரு பக்கம் சில்லிட்டுக் கறுத்துப்போன மாட்டினுடையது. மற்றது, தீனி குறையாமல் தின்றுகொண்டு, அவ்வப்போது பாலில் மட்டும் திரி திரியாக விடும் மாட்டினுடையது.

"எலியில எது மோசம்னு சொல்லலாம் சார். அதை வச்சு மாட்டுக்குச் சொல்ல முடியாது" என்றேன்.

"எலிக்கா மேடம் நான் வைத்தியம் பாக்கிறேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்னதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். பால் கொடுக்கும் எலியின் நான்காம் ஜோடிக் காம்பில், மழுங்கிய மெல்லிய ஊசியால் கிருமியைச் செலுத்தி மடிநோயை உண்டாக்கும் முறையை 1970-லேயே சாண்ட்லர் விவரித்துவிட்டார். எங்கள் ஆய்வகத்தில் அதே முறையில் இரண்டு கிருமிகளையும் சோதித்தோம். கறுத்த மடிக் கிருமி பெரும்பாலான எலிகளை இரண்டு நாளுக்குள் கொன்றது. முயல் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்தபோது, ரத்த அணுக்கள் சிதைந்து அதைச் சுற்றி அகலமாகத் தெளிந்திருந்தது. செல் சவ்வில் துளையிடும் ஆல்ஃபா நச்சின் வேலை அது. இன்னொன்றை ஆட்டு ரத்தத் தட்டில் 37 டிகிரியில் வளர்த்தபோது மங்கலான வளையம்தான் தெரிந்தது. குளிரில் வைத்த பிறகே தெளிந்தது. அது பீட்டா நச்சு, இதே பாக்டீரியா சுரக்கும் வேறொரு நச்சு. அந்த எலிகள் பிழைத்தன, ஆனால் மடிக்குள் கிருமி நிறைந்திருந்தது. ஆல்ஃபா நச்சு மரபணுவை முடக்கினால் எலிகள் சாவது குறைகிறது என்று 1989-லேயே பிராம்லி, ஃபாஸ்டர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். எங்கள் எலிகள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

ஆனால் எலி முப்பது கிராம் சொச்சம். சின்ன மடியில் சுரக்கும் நச்சு ரத்தத்தில் கலந்தால் உடம்பே தாங்காது. மாட்டுக்கு மடி பெரிது. ஆல்ஃபா நச்சுக்கு எதிரான ஆன்டிபாடியும் பல மாடுகளில் ஏற்கெனவே இருக்கும். எலியின் சாவை வைத்து மாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியானால் இரண்டாவது கிருமி லேசானதா? அதுவும் இல்லை. மடியின் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். ஒருநாள் பாலில் தென்படும், மறுநாள் வளர்த்தால் ஒன்றும் வராது. கறப்பவரின் கை வழியாக அடுத்த மாட்டுக்குப் போகும். மடி கறுத்தால் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். இதுவோ மாதக்கணக்கில் பாலைக் குறைத்துக்கொண்டே இருக்கும், யாரும் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள். என்னைக் கேட்டால், தொழுவத்துக்கு அதுதான் மோசம்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாமா? அந்த மாட்டைக் கடைசியில் கறக்கச் சொல்லுங்கள், ஒரே ஒரு பரிசோதனையை நம்பாதீர்கள் என்று? அவருக்குத் தெரியாததா இதெல்லாம்! வருடக்கணக்காக மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை, அந்தக் குறிப்பிட்ட கிருமியைப் பற்றி ஒன்றை, அவர் என்னிடம் எதிர்பார்த்தார். என்னிடம் இருந்தது எலிகளின் சாவுக் கணக்கு.

அப்புறம் அந்த எலிகள் எதற்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது. திசுவை அழுகச் செய்வது எந்த நச்சு என்று உறுதியாகத் தெரிந்தால்தான், அதைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசியில் சேர்க்கலாமா என்று யோசிக்கவே முடியும். இது சமாதானம் இல்லை, உண்மையான காரணம். சில இரவுகளில் மட்டும் அது போதுமானதாகத் தோன்றுவதில்லை, குறிப்பாகக் குட்டிகளைப் பிரித்துக் கூண்டு மாற்றிய நாட்களில்.

இப்போது இந்தச் சோதனையைப் பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், இறப்பையும் மடியில் எஞ்சிய கிருமி எண்ணிக்கையையும் சேர்த்து ஒவ்வொரு கிருமிக்கும் ஒரே வீரிய மதிப்பெண் தரச் சொல்லியிருக்கிறார். சேர்க்க முடியாது, இரண்டும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில்தான் இருக்கும் என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த டாக்டருக்கும் இரண்டு பத்திகளையும் அனுப்பப் போகிறேன். அதை வைத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.