நாலரை மணி டிரிப்புக்கு வண்டி தயாரா?

மின்சார பஸ்ஸா, ஹைட்ரஜன் பஸ்ஸா என்ற பேச்சு வந்தாலே, ஒருமுறை நிரப்பினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பணிமனையில் வேலை பார்க்கும் எங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. விடியற்காலை நாலரை மணி டிரிப்புக்கு வண்டி தயாரா என்பதுதான் முதல் கேள்வி.

12 மீட்டர் ஏ.சி. நகரப் பேருந்து 100 கிலோமீட்டர் ஓட பேட்டரியிலிருந்து சுமார் 120 யூனிட் எடுக்கும். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போவதைச் சேர்த்தால் மீட்டரில் 135, 140 வரும். அதே தூரத்துக்கு, ஹைட்ரஜனிலிருந்து வண்டியிலேயே மின்சாரம் எடுக்கும் ஃப்யூல் செல் பஸ்ஸுக்கு ஏறக்குறைய 8 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட். அதை 350 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைக்க மேலும் மூன்று யூனிட் போல. கூட்டிப் பாருங்கள், 420-ஐத் தாண்டுகிறது. மூன்று மடங்கு. பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ் வாங்கும் திட்டத்தை 2022 ஜனவரியில் கைவிட்டது. கிலோமீட்டருக்கு ஹைட்ரஜன் செலவு 95 சென்ட், மின்சாரம் 15 சென்ட் என்று அவர்களுக்குக் கணக்கு வந்திருந்தது.

மின்சார பஸ் தொல்லை தராது என்று சொல்லவில்லை. சார்ஜ் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தால் முதலில் வண்டியில் செருகும் சார்ஜிங் கன்னின் பின்களைப் பார்க்க வேண்டும். தூசியோ கருக்கலோ படிந்தால் தொடுமிடம் சூடாகும். சூட்டைக் கண்டதும் சார்ஜர் தானே கரண்டைக் குறைத்துவிடும். மூன்று மணி நேர வேலை விடிய விடிய இழுக்கும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் இன்னொரு சிக்கல். அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறாமல் இறங்காமல் கிடப்பதால், டிஸ்பிளே காட்டும் சதவீதம் நாளடைவில் பிசகும். 20 காட்டிக்கொண்டிருந்த வண்டி பாதி வழியில் நின்றுவிடும். வாரம் ஒருமுறை மெதுவாக 100 வரை ஏற்றி செல்களைச் சமன்படுத்துவதே வழி.

மழைக்காலத்தில் இன்சுலேஷன் ஃபால்ட், அதாவது உயர் வோல்டேஜ் மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசிவது. 650 வோல்ட் வண்டியில் டி.சி. பக்கம் இன்சுலேஷனின் மின்தடைக்கு வோல்ட்டுக்கு 100 ஓம், அதாவது 65 கிலோ ஓம், குறைந்தபட்ச எல்லை. கை வைக்குமுன் சாவியை எடுத்து, 24 வோல்ட் இணைப்பைக் கழற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் முழுக்கக் காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். டிரிப் போனால் போகட்டும், அந்த நிமிடங்களில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பிறகு கூரை மேலிருக்கும் ஏ.சி. கம்ப்ரசரிலிருந்து ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துத் தேடலாம். பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும்.

ஹைட்ரஜனில் நிரப்புவது பத்து, பதினைந்து நிமிட வேலை. அந்த நன்மை உண்மையானது. ஆனால் பழைய டீசல் ஷெட்டை அப்படியே பயன்படுத்த முடியாது. டீசல் ஆவி தரையில் தங்கும். ஹைட்ரஜன் கூரை முகட்டுக்கு ஏறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், சுடரும் பகலில் தெரியாது. முகட்டில் திறப்பும் சென்சாரும் வேண்டும், விளக்கும் ஃபேனும் பொறி தெறிக்காத வகையாக இருக்க வேண்டும். 2019 ஜூனில் நார்வேயின் சான்ட்விகாவில் ஹைட்ரஜன் நிலையம் வெடித்ததற்கு, உயர் அழுத்தக் கலனின் பிளக் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாததே காரணம். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் கையெழுத்திட்ட செக்லிஸ்ட்டும் அங்கே உயிர் காக்கும் சாமான்கள்.

ஃப்யூல் செல்லோ காற்றுக்கே நோகும். சாக்கடை வாயுவிலுள்ள கந்தகம் செல்லுக்குள் இருக்கும் பிளாட்டினத்தின் மேல் ஒட்டி சக்தியைக் குறைக்கும். அதனால் காற்றை வடிகட்டும் ரசாயன ஃபில்டரைத் தேதி தவறாமல் மாற்ற வேண்டும். கூலன்ட்டிலும் சாதாரண தண்ணீர் கலக்கக் கூடாது, உப்பு ஏறினால் மின்சாரம் கூலன்ட் வழியே கசியும்.

இவை எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்க வைப்பது ஹைட்ரஜனை அழுத்தி அடைக்கும் கம்ப்ரசர். இருபது சார்ஜரில் ஒன்று கெட்டால் வண்டியைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்தினால் போதும். இருக்கிற ஒரே கம்ப்ரசர் நின்றால், சேமிப்பில் உள்ளது தீர்ந்ததும் அத்தனை வண்டியும் நிற்கும். நகரத்துக்குள் இரவு பணிமனைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு மின்சாரமே சரி. அப்படியும் ஹைட்ரஜன் வாங்கப் போகிற நிர்வாகம், பஸ் விலையைக் கேட்குமுன் இரண்டாவது கம்ப்ரசருக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளட்டும்.